இரண்டாயிரம் அடி கீழே

விமானத்திலிருந்து செய்தி வந்தபோது அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இறங்கிய உயரத்தில் பலமான குலுங்கல், பணிப்பெண் ஒருவருக்குக் காலில் அடி, தரையிறங்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் வேண்டும். கண்ணாடியைப் போடாமலேயே வாசித்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், அந்த விமான நிலையத்து ஆட்களுக்குச் சொன்னாள், மேலாளருக்குச் சொன்னாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆன பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செய்தியை மறுபடி வாசித்தாள். அந்த விமானத்துப் பணிப்பெண்களில் ஒருத்தி அவளுடைய நாத்தனார்.

'இறங்கிய உயரத்தில்' என்று கேப்டன் எழுதியதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததை எழுதியிருந்தார், அவ்வளவுதான். ஆனால் இறங்கச் சொன்னது அவள்.

விமானம் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று தரையிலிருந்தே திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஒரு வருடமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. விமானத்தின் பின்னால் வானத்தில் நீளுமே, அந்த வெள்ளைக் கோடு விழாமல் பார்த்துக்கொள்வது. எஞ்சினிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று மேலே உள்ள குளிரில் பட்டதும் உறைந்துவிடுகிறது. குளிர்காலக் காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற மாதிரிதான். பெரும்பாலும் அது கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். ஆனால் வானத்தில் அங்கங்கே ஈரம் மிகுந்த குளிர் அடுக்குகள் உண்டு. அதற்குள் நுழைந்து போகும் விமானத்தின் கோடு கரையாது. அது அகலமாகி, மெல்லிய மேகமாகி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்த்திக்கொள்ளும். இந்தக் கோட்டுக்கு விதையாகிற கரியைக் குறைவாகக் கக்கும் எஞ்சின் செய்வதற்குப் பெரிய பெரிய ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அது வருகிறபோது வரட்டும், அதுவரை அந்த அடுக்கை விட்டே ஒதுங்கிப் போனால் என்ன என்பதுதான் இந்தச் சோதனை. அடுக்குக்குத் தடிமன் அதிகமில்லை. பல நாட்களில் இரண்டாயிரம் அடி இறங்கினாலே போதும். அலுவலகத்தில் அவளுக்கு 'ரப்பரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கோடு அழிக்கிறவள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அன்று கீழே காற்று சாந்தமாக இருக்கும் என்று மழைக்காரர் சொல்லியிருந்தார். வானிலை பார்க்கும் மனிதர். அவர் பெயரே பலருக்கு மறந்துபோய்விட்டது. அவருடைய வரைபடமும் அதைத்தான் சொன்னது. காற்று மட்டும் வேறு மாதிரி நினைத்துவிட்டது. விமானம் ஒருமுறை தூக்கிப் போட்டதில், பானங்கள் அடுக்கிய தள்ளுவண்டி எழும்பி நாத்தனாரின் காலில் இறங்கியது. கணுக்காலில் எலும்பு முறிவு.

அவள் கணவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர்கள் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்க, தான் மட்டும் பேசிப் பேசியே பழகியவர். அன்று மாலை தங்கையிடம் போனில் பேசிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"அவ அந்த ஃப்ளைட்ல இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சா வேற மாதிரி போட்டிருக்கணுமா? அவ இல்லாத ஃப்ளைட்டுன்னா இறக்கலாமா?"

அவர் உள்ளே வந்து தம்ளரை எடுத்து, தண்ணீர் குடிக்காமலேயே அதைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நாத்தனார் தனியாக இருந்த வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மாவுக்கட்டோடு அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் குரல் தனியாகக் கேட்கும். இந்தத் தடவை கூடத்து சோபாவில் காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து, "ம்", "வேணாம்", "போதும்" என்று ஒற்றைச் சொல்லிலேயே காலத்தை ஓட்டினாள். அண்ணி வைத்ததைச் சாப்பிட்டாள். அண்ணி பிடித்துக்கொள்ள எழுந்து நடந்தாள். முகம் பார்த்துப் பேசவில்லை. திட்டித் தீர்த்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று அண்ணிக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் விசாரணை நடந்தது. யார் மேலும் தப்பில்லை என்று முடிந்தது. முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை, கேப்டன் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார், எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. சோதனையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் என்றார் மேலாளர். வெளியே வந்ததும் மழைக்காரர், "தப்பில்லைன்னு சொல்றது ஒரு மாதிரி இருக்குல்ல? தப்புன்னா திருத்திக்கலாம்," என்றார். அவள் தலையாட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குத் தலை அலசிவிட வேண்டியிருந்தது. குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கட்டுக்குப் பாலித்தீன் பை சுற்றி, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி வெந்நீர் ஊற்றினாள். ஷாம்பூ நுரை கழுத்தில் வழிந்தது. அந்த நிலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனாலோ என்னவோ சின்னவள் பேசினாள்.

"அண்ணி, எதுக்கு இறக்கினீங்கன்னு அண்ணன் சொன்னாரு. அந்தக் கோடு வந்துச்சா, வரலையா?"

கை நின்றது. அன்றைய செயற்கைக்கோள் படத்தை அவள் மறுநாளே பார்த்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"வரலை," என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "உங்க ஃப்ளைட்டுக்கு வரலை. பின்னாடியே வேற கம்பெனிக்காரன் அதே வழியா பழைய உயரத்துலயே போனான். அவன் நல்லா நீளமா போட்டுட்டுப் போயிட்டான்."

சின்னவள் சிரித்தாள். நாற்காலி ஆடுமளவுக்குச் சிரித்தாள். "அப்ப என் கால் எதுக்கு உடைஞ்சுதுன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"ரெண்டு விழ வேண்டிய இடத்துல ஒண்ணுதான் விழுந்துச்சுன்னு சொல்லு."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"குலுங்கறது எங்களுக்கு ஒண்ணும் புதுசில்ல அண்ணி. அதுக்காக இல்ல. கேப்டனுக்குத் தெரியும், அந்த மழைக்காரருக்குத் தெரியும், தரையில உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியும். உள்ள நின்னுக்கிட்டிருந்த எங்களுக்கு மட்டும் தெரியாது. இந்த வீட்டுல எத்தனை தடவை உங்க கையால சாப்பிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் கேப்டன்களோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறாள். எரிபொருள்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். இரண்டாயிரம் அடி இறக்கத்துக்கு ஒப்புதல் வாங்க எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள். இவளிடம் பேசியதெல்லாம் எந்தக் கடையில் தள்ளுபடி, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பதுதான். மறைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இறங்குகிற விமானத்துக்குள் ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பது அவள் திரையில் எங்கும் தெரியாது.

"கண்ணை மூடிக்கோ, நுரை உள்ள போயிடும்," என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் மேலாளர் அறைக்குப் போனாள். சோதனையை மறுபடி ஆரம்பிக்கும்போது, இறங்கப் போவதை ஒவ்வொரு தடவையும் பணிப்பெண்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், காற்று எப்படி என்று கேப்டனுக்குப் பிடிபடும்வரை அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றாள்.

"சொன்னா பயணிங்க காதுக்குப் போகும். கோட்டை அழிக்க ஃப்ளைட்டை இறக்கறாங்கன்னு பேப்பர்ல வரும்."

"வரட்டும் சார்."

"நீ இல்லாம இதை நடத்த முடியாதுன்னு நினைக்கிறியா?"

"நடத்தலாம் சார். சொல்லாம நடத்தறதா இருந்தா, நான் இல்லாமலே நடத்துங்க."

அவர் கோபப்பட்டாரா, யோசித்தாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வாரக்கணக்கில் பதில் இல்லை. அதற்குள் சின்னவள் கட்டைப் பிரித்து, சுவரைப் பிடித்து நடந்து, பிறகு பிடிக்காமல் நடந்து, ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் மூன்றாவது மாடிக்கே போய்விட்டாள். போகும்போது அண்ணியின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனாள். அது சமாதானமா, பிடிமானமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பல் டாக்டர் ஒருநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "அன்னைக்குக் கேட்டியே, அவ இல்லாத ஃப்ளைட்டுன்னா இறக்கலாமான்னு. இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்," என்றார். பிறகு வேலைக்குப் போய்விட்டார்.

கடைசியில் மேலாளர் ஒப்புக்கொண்டார். சோதனை மறுபடி ஆரம்பமானது. இரண்டு மூன்று விமானங்கள் பிரச்சினையில்லாமல் இறங்கிப் போயின. அந்தச் சமயத்தில்தான் சின்னவள் மறுபடி பறக்கும் முதல் நாள் வந்தது. மதிய நேரத்து விமானம். மழைக்காரர் வரைபடத்தோடு வந்து மேசையருகே நின்றார்.

"கடலைத் தாண்டினதும் ஈரம் கெட்டியா இருக்கு. கோடு கண்டிப்பா விழும்."

"கீழே?"

"சாந்தம்." தன் சொல் தனக்கே கசந்ததுபோல முகத்தைச் சுளித்தார். "சாந்தம்னுதான் தெரியுது."

அவள் போனை எடுத்தாள். விமானம் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. சின்னவள் பணியாளர் அறையில் இருந்தாள். பின்னால் யாரோ பெட்டி உருட்டும் சத்தம் கேட்டது.

"முறைப்படி உங்க கேப்டன் சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி நான் சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன். இன்னைக்கு இறக்கச் சொல்லப் போறேன். கடலைத் தாண்டினதும்."

"இறக்காமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம். ஒரு நாள் விட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் இல்லேன்னா இறக்குவீங்கதானே?"

"இறக்குவேன்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கறீங்க?"

"கேக்கலை. சொல்றேன்."

பெட்டி உருளும் சத்தம் தூரமாகப் போய் நின்றது. "சரி," என்றாள் சின்னவள். "அப்ப காபி குடுக்கறதை அதுக்கு முன்னாடியே முடிச்சுக்கறோம்."

விமானம் கிளம்பிப் போனது. அவளுக்கு வேறு விமானங்களும் இருந்தன. அவற்றுக்கும் வழி போட்டாள், இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொன்னாள். திரையில் அந்த விமானத்தின் பச்சைப் புள்ளி கடலைத் தாண்டியபோது நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். மழைக்காரர் எதையோ மென்றுகொண்டே வந்து பின்னால் நின்று, மெல்லுவதை நிறுத்தினார். திரை முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் உயரம். முன்னும் பின்னும் போன விமானங்களின் எண்கள் அசையாமல் இருந்தன. நடுவில் ஒன்று மட்டும், தாழ்ந்த நிலைவாசலில் தலை குனிந்து நுழைகிறவரைப் போல, நிதானமாகக் குறைய ஆரம்பித்தது.