பூனைச் சத்தம் நின்ற மதியம்

தலையணைக்காரரின் மனைவி இறந்த அடுத்த மழைக்காலத்தில் அவர் நெஞ்சுக்குள் ஒரு பூனை குடிவந்தது. கடையில் நாள் முழுக்கப் பஞ்சு அடைப்பவருக்கு இருமல் புதிதல்ல. இது இருமல் இல்லை. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மெல்லிய, ஈரமான ஒரு 'மியாவ்' வந்தது. தெருப்பூனைகள் ஜன்னலில் உட்கார்ந்து பதில் சொல்லின. பால்காரர் கேட்காமலே கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார். குடியிருப்பவர்கள் பூனை வளர்க்கக் கூடாதென்று கண்டித்துச் சொல்லியிருந்த வீட்டுக்காரர், அவர் மார்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "சரி, வெளிய வராமப் பாத்துக்கங்க" என்று இறங்கிப் போனார்.

டாக்டர் மட்டும் அதை வீசிங் என்றார். தினமும் உறிஞ்ச ஒரு மருந்தும், இழுப்பு வந்தால் உறிஞ்ச இன்னொன்றும் கொடுத்தார். "மருந்துக்கு அடங்கலன்னா, பேசும்போதே மூச்சு முட்டினா, உதடு நீலம் பூத்தா, விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க, ஓடி வந்துடுங்க" என்றார். மருந்தை உறிஞ்சியதும் பூனை தூங்கிவிட்டது. அன்றைக்குத்தான் தலையணைக்காரருக்குத் தன் வீட்டின் அளவு தெரிந்தது. ஒரே அறைதான், ஆனால் ஒரு முனையில் டம்ளரை வைத்தால் மறுமுனையில் சத்தம் கேட்டது. மறுநாள் மருந்துகளை மனைவியின் மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார். பூனை விழித்துக்கொண்டது. அவர் அதனிடம் அன்றன்றைய செய்திகளைச் சொல்லத் தொடங்கினார். தனியாக இருப்பவன் வியாதியையும் விருந்தாளியாக்கிக் கொள்வான். அவனைக் குறை சொல்லும் முன் அவன் வீட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. பூனை வளர்ந்தது. படியேறும்போது நகத்தால் பிறாண்டியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டு, மதியம் சட்டென்று ஓய்ந்தது. அசந்து தூங்குகிறது என்று எண்ணிய தலையணைக்காரர், அதை எழுப்பிவிடக் கூடாதென்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

பக்கத்து வீட்டில் பஸ் கண்டக்டரம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அந்த வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் அரைச்செங்கல் கனம்தான். கட்டியவன் கஞ்சத்தனம் என்று ஊர் சொல்லும். அதிலும் கடவுள் ஒரு கருணையை வைத்திருந்தார். முதல் கவளத்திலேயே அந்த அம்மாளுக்கு ஏதோ குறைவதாகத் தோன்றியது. எச்சில் கையோடு வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணே, பூனை எங்க? சத்தத்தையே காணோம்?"

"தூங்..." என்றார். மூச்சு வாங்கினார். "குது."

ஒரு வார்த்தையை இரண்டாக ஒடித்துப் பேசியவரின் தோள்கள் ஏறி இறங்கின. தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டில் மை பூசியதுபோல் நீலம். கண்டக்டரம்மா அவரைப் படுக்க விடவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, இழுப்பு மருந்தைத் தேடி எடுத்து உறிஞ்சவைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். அது வந்ததும் வேலை விசிலை வாயில் வைத்து ஊதியே தெருவை விலக்கினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மார்பில் குழலை வைத்தார், முகம் மாறியது. "சத்தம் கேட்டாக் காத்து போகுதுன்னு அர்த்தம்மா. இவருக்குக் காத்தே போகல." முகமூடி வழியே மருந்துப்புகை போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து வார்டே திரும்பிப் பார்க்கும்படி பூனை வீறிட்டது. நர்ஸ் சிரித்தார். கண்டக்டரம்மா அழுதார்.

வீடு திரும்பும் நாளில் தலையணைக்காரர் ரகசியம்போலக் கேட்டார்: "மருந்து ஒழுங்கா எடுத்தா அது போயிடுமாம்மா? அப்புறம் வீட்டுல ஒண்ணுமே கேக்காதே."

"சத்தம்தானே வேணும்? எங்க வீட்டுக்கு வாங்க. எங்க வீட்டுக்காரர் விடுற குறட்டைக்கு முன்னாடி உங்க பூனை எம்மாத்திரம்!"

அவர் தலையாட்டினாரே தவிரப் போகவில்லை. கடையில் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு பஞ்சு அடைத்தார். நாள் தவறாமல் மருந்தை உறிஞ்சினார். அடுத்த மழைக்காலத்தின் முதல் மழையன்று மாலை, ஒரு நீண்ட இருமலோடு பூனை வெளியே வந்து விழுந்தது. பஞ்சு நிறம், வெளிச்சத்துக்குக் கண் கூசியது. அவர் மூச்சை விட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். பிறகு அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மனைவி போனபின் முதல்முறையாக, இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கண்டக்டரம்மா கதவைத் திறந்து இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மழையில நின்னுக்கிட்டு என்ன? ரெண்டு பேரும் காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க."