பட்டம் வாங்கும்முன் ஏறக்கூடாத கோபுரம்

அக்கா மகன் எர்மான்னோ பட்டம் வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பொலோஞ்ஞாவுக்கு ரயிலேறிய அன்று காலை இந்த விஷயம் அவனைத் தவிர எங்களில் யாருக்கும் தெரியாது. என் அக்கா தொனத்தீனாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, மகன் பட்டம் வாங்கிவிட்டான் என்று அவள் வாயால் சேதி கேட்ட எங்கள் கடற்கரை ஊர் முழுவதற்கும் தெரியாது. அவள் வாயால் கேட்காதவர்கள் என்று ஊரில் யாரும் மிச்சமில்லை.

எங்கள் நாட்டில் எந்தப் பட்டம் வாங்கினாலும் 'தொத்தோரே', அதாவது டாக்டர்தான். ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இவன் படித்தது மருந்தியல் என்பதால் அக்காவுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. மீன் கடைக்குப் போனால், "தொத்தோரேவோட அம்மா வந்திருக்கேன், நேத்துப் பிடிச்ச மத்தியை என் தலையில கட்டாதே" என்பாள். மீன்காரனும் சளைக்காமல், "தொத்தோரேவுக்கே முள்ளு எடுத்துத் தரேன் தாயே" என்பான்.

பட்டம் வாங்கும் நாளன்று வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அந்த வாரம் பார்த்து அத்தான் க்விரீனோவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். எர்மான்னோ ஒரு போட்டோ மட்டும் அனுப்பினான்: பட்டம் வாங்கியவர்கள் தலையில் வைக்கும் பிரிஞ்சி இலைக் கிரீடம், சிவப்பு நாடா, அசட்டுச் சிரிப்பு. அந்தப் போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள் அக்கா. கூடவே மனதில் ஒரு குறையையும் மாட்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளை பட்டம் வாங்கியதைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று அத்தானின் குடலைத் திட்டாத நாளில்லை. கடைசியில், "ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவன் படிச்ச ஊரையாவது பாத்துட்டு வந்துடறேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கையில் ஒரு பை நிறைய சிவப்புச் சர்க்கரை தோய்த்த பாதாம். கல்யாணத்துக்கு வெள்ளை, பட்டத்துக்குச் சிவப்பு. ரயிலில் டிக்கெட் பரிசோதகரே முதல் பிடியை வாங்கினார்.

பொலோஞ்ஞா ஸ்டேஷனில் எர்மான்னோ நின்றிருந்தான். சட்டை அவன்மேல் தொங்கியது.

"என்னடா தொத்தோரே, எலும்பும் தோலுமா நிக்கிறே?"

"அப்படிக் கூப்பிடாதேம்மா."

"பாரேன் யோலா, அடக்கத்தை! இது அவங்கப்பா வழியில கிடையாது. நம்ம வழிதான்."

"நம்ம வழியிலயும் கிடையாது அக்கா" என்றேன். அவன் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெரிய சதுக்கத்துக்குக் கூட்டிப் போனான். நடுவில் கல் மேடை ஒன்று சற்று உயர்ந்து கிடக்கிறது. சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் அதன் குறுக்கே தாராளமாக நடந்தார்கள். இவன் மட்டும் அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போனான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"நடுவுல போனா என்னடா? தரை கடிக்குதா?"

"பழக்கம்மா."

நிழலுக்காகப் போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் நிழலே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மதியம் ஒரு சின்ன உணவுக்கடையில் கறிக்குழம்பு போட்ட தாலியத்தெல்லே என்ற பட்டை நூடுல்ஸ் சாப்பிட்டோம். தக்காளி போதாது என்று அக்கா குறை சொன்னாள். சொல்லிக்கொண்டே தட்டை ரொட்டியால் துடைத்தாள். பரிமாறிய பெரியவருக்கும் பாதாம் கொடுத்து, மகனின் மருந்தியல் பட்டத்தைச் சொன்னாள். அவர் எர்மான்னோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள் தொத்தோரே, எந்த ஊர்ல மருந்துக்கடை வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். "எங்க ஊர்லதான். இப்ப இருக்கிற கிழவருக்குக் கண்ணு தெரியல, இருமலுக்கு பேதி மருந்து குடுக்கறாரு" என்று அக்காவே பதில் சொன்னாள். எர்மான்னோ தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம்தான் இரட்டைக் கோபுரங்கள். ஒன்று குட்டை, குடிகாரன் மாதிரி சாய்ந்து நிற்கும். மற்றொன்று நெட்டை. அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும்.

"ஏறணும். மேல நின்னு உன்னோட ஒரு போட்டோ. அப்பா கேட்டிருக்காரு" என்றாள் அக்கா.

அவன் வரிசை நீளம் என்றான். வரிசை இல்லை. முழங்கால் வலி என்றான். ரயிலுக்கு நேரமாகிவிடும் என்றான். ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பட்டாளம் கத்திக்கொண்டு வந்தது. நடுவில் பிரிஞ்சி இலைக் கிரீடம் வைத்த ஒரு பெண். கூட வந்தவர்கள் அவளைச் சுற்றிப் பச்சையாக ஏதோ பாடினார்கள்; பட்டம் வாங்கிய அன்று அதெல்லாம் உண்டு. அக்கா விடுவாளா? நேரே போய்ப் பாதாமை நீட்டினாள்.

"இந்தாம்மா தொத்தோரெஸ்ஸா. எம்பிள்ளையும் உன்னை மாதிரிதான். நீயும் மேல ஏறப் போறியா?"

"பின்ன? அஞ்சு வருஷமா இந்த வாசப்படிய மிதிச்சதில்லம்மா. பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி ஏறிட்டா ஆயுசுக்கும் பட்டம் கிடைக்காது. இங்க படிக்கிற ஒருத்தரும் ஏற மாட்டாங்க. சதுக்கத்து மேடையைக்கூடக் குறுக்க தாண்ட மாட்டோம்னா பாத்துக்கங்களேன்."

அக்கா மகனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏறியிருக்கியாடா?"

"இல்ல" என்றான் எர்மான்னோ. வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "பட்டம் வாங்கி மூணு மாசம் ஆகுது. இன்னும் ஏறாம இருக்கான் யோலா. அம்மா வரட்டும்னு எனக்காக வச்சிருந்திருக்கான்!" என்று அவன் முகத்தைப் பிடித்து நடுத்தெருவில் முத்தமிட்டாள். அந்தப் பட்டாளம் கைதட்டியது.

காலையில் அவன் மேடையைச் சுற்றிப் போனது நினைவுக்கு வந்தது. அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "வெயிலா இருக்கு அக்கா, கீழேயே போட்டோ எடுத்துக்கலாமே" என்றேன்.

"உனக்கு மூச்சு வாங்கும்னு சொல்லு. எங்களை ஏன்டி தடுக்கறே?"

நான் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உள்ளே தேய்ந்த மரப்படிகள் சுவரோடு சுற்றிச் சுற்றிப் போயின. அக்கா சொன்னது சரிதான், எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் இருவரும் மேலே மறைந்துவிட்டார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நான் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா மகனின் தோளை அணைத்துக்கொண்டு தயாராக நின்றாள். பின்னால் ஊர் முழுக்கச் சிவப்பு ஓடுகள், தூரத்துக் குன்றில் மாதா கோவில். போனை என்னிடம் நீட்டி, "தலை வெட்டுப்படாம எடு" என்றாள்.

நான் எடுக்கப் போன நேரத்தில் எர்மான்னோ பேசினான்.

"அம்மா, நான் பட்டம் வாங்கல. ரெண்டு பரீட்சை பாக்கி இருந்துச்சு. அந்தக் கிரீடம் எங்கூட ரூம்ல இருக்கறவனோடது. அக்டோபருக்குள்ள எழுதி முடிச்சிட்டா யாருக்கும் தெரியாமலே சரியாயிடும்னு நெனச்சேன்."

அறை விழும் என்று நினைத்தேன். அக்காவின் கை கனமான கை. ஆனால் அவள் அடிக்கவில்லை. பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப ஏன்டா ஏறினே?" என்றாள். குரல் கீச்சிட்டது.

"நீதானேம்மா..."

"நான் சொன்னா? கிணத்துல குதின்னா குதிச்சிருவியா? ஏறக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்ல? இறங்கு! முதல்ல கீழ இறங்கு!"

சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், சீக்கிரம் இறங்கிவிட்டால் ஏறியது கணக்கில் சேராது என்பது போல. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். எதிரே ஏறி வந்த அந்தக் கிரீடக்காரப் பெண் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டாள்.

அவன் அந்தப் பரீட்சைகளை எழுதவே இல்லை. அக்டோபர் போயிற்று, அடுத்த வருஷமும் போயிற்று. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். இப்போது மீன் சந்தைக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறான். நான் கேட்காமல் இல்லை. "அதான் ஏறிட்டேனே சித்தி" என்பான். "மரப்படியா உன் பேப்பரைத் திருத்துது?" என்று கத்துவேன். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விடுவான். ஏற்கெனவே சலித்துப்போயிருந்தவனுக்கு ஒரு சாக்கு கிடைத்தது என்பது என் கட்சி. ஆனாலும் அந்தச் சாக்கு கிடைக்காமல் போயிருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொள்ளும்.

சில வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தச் சாய்ந்த கோபுரம் ஆபத்தான நிலைமையில் இருப்பதால் இரண்டையும் மூடிவிட்டார்கள், யாரும் ஏற முடியாது என்று டிவியில் சொன்னார்கள். எர்மான்னோ எழுந்து சிகரெட் பிடிக்கப் பால்கனிக்குப் போனான். அத்தான் டிவியை அணைத்துவிட்டு அவன் பின்னால் போனார். அக்கா என் பக்கம் குனிந்தாள்.

"நீ அப்ப எங்கேயோ கீழ உக்காந்திருந்தே யோலா. பாதி ஏறினதும் அவன் நின்னுட்டான். 'அம்மா, வா கீழ போயிடலாம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னான். என்னவா இருந்தாலும் மேல போய்ச் சொல்லுடான்னு நான்தான் முதுகுல கை வச்சுத் தள்ளினேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கீழ வந்து சொல்லியிருந்தா மட்டும் நீ என்ன செஞ்சிருப்பே?" என்று கேட்டேன்.

அக்கா யோசித்தாள்.

"அறைஞ்சிருப்பேன். அறைஞ்சிட்டு, போய் அந்த ரெண்டையும் எழுதுடான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "அவனும் எழுதியிருப்பான்."