யெர்கோவின் பாதி வீடு

யாராவது ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று பெரினாவின் கணவர் லோவ்ரே கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்தவரை யாரும் வரவில்லை. அவரைப் புதைத்துவிட்டுப் பெரினா கறுப்பு உடுத்திக்கொண்ட முதல் திராட்சை அறுப்புக் காலத்தில்தான் வந்தார்கள். வந்தது ஒரு பெண். பெட்டிகூட இல்லை, ஒரு முதுகுப்பைதான்.

"வணக்கம். நான் ஹிமேனா மரங்குனிச். சிலி நாட்டிலிருந்து வருகிறேன். என் தாத்தாவின் தந்தை இந்த ஊரில் பிறந்தவர்" என்றாள். வகுப்பில் உட்கார்ந்து கற்ற குரோஷிய மொழி. ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது.

பந்தலுக்கடியில் குலை நறுக்கிக்கொண்டிருந்த பெரினாவின் கத்திரிக்கோல் அப்படியே நின்றது.

அந்த வீட்டில் பாதி லோவ்ரேயின் தாத்தாவுடையது. மறுபாதி தாத்தாவின் தம்பி யெர்கோவுடையது. கொடிகளில் நோய் விழுந்து தீவே பட்டினி கிடந்த வருடம், பாகம் பிரிக்காமலே யெர்கோ கப்பலேறிவிட்டான். மேற்கு அறைதான் அவன் பங்கு என்று வீட்டில் பேச்சு. லோவ்ரே ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பார். ஆனால் உள்ளே ஒரு நாற்காலிகூடப் போட விடமாட்டார். "நம்மளது இல்ல பெரினா" என்பார்.

துறைமுகத்துப் பக்கம் இப்படித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவன் வந்தான். கல்லறையில் பூ வைத்தான், அழுதான், தன் பாகத்தை ஒரு ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டுப் போனான். அந்த வீட்டிலேயே பிறந்து கிழவியானவள் இப்போது ஸ்ப்ளித் நகரத்தில் மகள் வீட்டு நான்காவது மாடியில் இருக்கிறாள். பெரினாவுக்கு மகளும் இல்லை.

"எந்த மரங்குனிச்?" என்றாள் பெரினா. "இந்த ஊர்ல நாயக் கூப்பிட்டாக்கூட நாலு மரங்குனிச் திரும்பிப் பாப்பான். உன் பாட்டன் பேரு என்ன?"

"யெர்கோ."

ஊரில் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் வீடுகளைப் பட்டப்பெயரால்தான் பிரிப்பார்கள். பெரினாவினுடையது ஆந்தை வீடு. மேட்டில் இடிந்து கிடப்பது காடி வீடு. அதன் ஆட்கள் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது.

"அப்ப நீ காடி வீட்டுப் பொண்ணு" என்று பெரினா கையை மேட்டுப் பக்கம் காட்டினாள். "நேரா மேல போ. சுவத்துல அத்திமரம் மொளச்சிருக்கும்."

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு ஏறினாள். பெரினா மறுபடி குலையை நறுக்கினாள். நல்ல குலையோடு இலையும் காம்பும் கூடையில் விழுந்துகொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு துயே வேலிச்சுவர் மேல் முழங்கையை ஊன்றி நின்றான்.

"அக்கா, மேல ஒரு பொண்ணு காடி வீட்டு ஆட்டுக்கொட்டகையக் கட்டிப்பிடிச்சு அழுவுது. அந்தக் கொட்டகைக்கு இப்படி ஒரு மரியாதை எந்தக் காலத்துலயும் கெடைச்சதில்ல."

"அழட்டும்."

"யெர்கோன்னு யாரையோ தேடுதாம். காடி வீட்ல ஏது யெர்கோ? யாரோ வெளங்காதவன் வழி சொல்லியிருக்கான்."

"உனக்கு மீன் கழுவுற வேலை இல்லையாடா?"

"உப்புல கெடக்குது. எழுந்து ஓடிடாது."

அப்போதுதான் மேட்டிலிருந்து அந்தச் சீழ்க்கை வந்தது. குட்டையாக இரண்டு, பிறகு தாழ்ந்துகொண்டே போகும் நீளமான ஒன்று. கைகளைக் குவித்து ஊதினால்தான் ஆந்தைக் குரல்போல் அப்படி வரும்.

கல்சுவர்களுக்கு நடுவே தோட்டத்தில் வேலை செய்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காற்று தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சீழ்க்கை உண்டு. வீட்டில் பிறந்தவர்கள் ஊதுவார்கள். கல்யாணம் கட்டிவந்தவர்கள் ஊதக்கூடாது, கையில் கிடைத்த பாத்திரத்தைத் தட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். ஆந்தை வீட்டுச் சீழ்க்கையைக் கடைசியாக ஊதியவர் லோவ்ரே.

பெரினா எதையும் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. கத்திரிக்கோலால் பக்கத்திலிருந்த தகர வாளியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

தட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. செத்தவர் குரலைக் கேட்டவன்போல் துயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

கல் உருளும் சத்தத்தோடு அந்தப் பெண் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது.

"நீங்களா தட்டினீர்கள்? என் பாட்டி இப்படித்தான் தட்டுவார். சட்டியில்."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா அத?"

"அப்பா. எங்கள் ஊரிலும் ஓயாத காற்று. சாப்பிட வரச்சொல்லி ஊதுவார். மே மாதம் இறந்துவிட்டார். அவருடைய பூர்வீக வீட்டில் நின்று ஒருமுறை ஊத வேண்டும் என்றுதான் வந்தேன்."

பெரினா கவிழ்த்துப் போட்டிருந்த திராட்சைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அது உங்க வீடு இல்லம்மா. இதுதான். பொய் சொல்லி அனுப்பிட்டேன். உன் பாதியக் கேக்க வந்திருக்கியோன்னு நெனச்சேன்."

"எந்தப் பாதி?"

அவளுக்குத் தெரியவே தெரியாது. பெரினா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிமேனா முதலில் விழித்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அத்தை, எங்கள் வீட்டுத் தகரக்கூரை குளிர்காலம் வந்தால் பறந்துவிடும். யார் செலவில் போடுவது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. இன்னொரு கூரையும் இருக்கிறது என்று சொன்னால் என் சித்தப்பாக்கள் தலைமறைவாகிவிடுவார்கள். என் பங்கை இங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர்களிடமும் நானே பேசுகிறேன்."

"இப்படி ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசினா பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்றான் துயே.

பெரினாவுக்கு மூச்சு அடிவயிறுவரை போய்த் திரும்பியது. லோவ்ரே போனதிலிருந்து அப்படி ஒரு மூச்சு விட்டதாக அவளுக்கு நினைவில்லை.

"ஆனால் ஒன்று கேட்கலாமா?" என்றாள் ஹிமேனா.

பெரினா நிமிர்ந்தாள்.

"அந்த அறையில் இன்று ஓர் இரவு படுத்துக்கொள்ளலாமா?"

"ஒரு ராத்திரியா? அறுப்பு முடியட்டும், அப்புறம் போலாம். கை இருக்குல்ல? கத்திரிக்கோல் இன்னொண்ணு உள்ள கெடக்கு."

துயே மெத்தையைச் சுமந்துவந்து மேற்கு அறையில் போட்டான். "எவ்ளோ சுண்ணாம்பு! ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனான்.

இருட்டுவதற்குள் பெரினா கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்தாள். தோட்டத்துக் கடைசிச் சுவரிலிருந்து மறுபடி சீழ்க்கை கேட்டது. இங்கிருந்து கூப்பிடும் தூரம்தான். பசியும் இருக்காது, சும்மா ஊதிப் பார்க்கிறாள்.

"வரேன்னு சொல்றா பாருங்க" என்று அடுப்பைப் பார்த்து லோவ்ரேயிடம் சொன்னாள் பெரினா. சட்டிமூடியைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு சமையலறையில் இருந்த நாற்காலிகளில் ஆடாத ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய், மேற்கு அறையின் சன்னலோரம் போட்டாள்.