மூன்று தண்ணீரில் கழுவிய பழம்

1

இந்தக் கதை ஒரு கிண்ணம் ஃப்ரூட் சாலட்டிலிருந்து வந்தது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்த ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பின்னேரம் நான்கு மணிக்கு, இரண்டு ஆண்கள் ஒரு வாங்கில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு குடும்பம் நின்றுபோயிற்று. (முதலில் ‘உடைந்துபோயிற்று’ என்று எழுதினேன். உடைந்ததா என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

யாரோ சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் எனக்கு எழுத வசதி.

நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். முதலாவது மூடுபனியில் தொடங்கியது. அன்று பனியே இல்லை. நுவரெலியாவுக்கு வசந்த காலம் கொண்டாடப் போகிற கொழும்புக் கார்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகிற அளவுக்கு வெயில். இரண்டாவது, “ஜெயந்தினி கிளாஸைக் கீழே வைத்தபோது அவளுடைய கை” என்பதோடு நின்றது. கை நடுங்கியதா இல்லையா என்று முடிவுசெய்யாமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. மூன்றாவதில் பாஸ்போர்ட் முதல் வரியிலேயே வந்துவிட்டது. அது பின்னால் வரவேண்டிய பொருள்.

நான்காவது, நீங்கள் இப்போது வாசித்தது.

2

ஜெயந்தினி சைப்ரஸில் ஐந்து வருடம் வீட்டு வேலை செய்தவள். அங்கே கோடை வந்துவிட்டால் ஞாயிறு தவறாமல் மேடம் வீட்டுப் பின்தோட்டத்தில் விருந்து. வெள்ளை வைனில் பழத் துண்டுகளை ஊறப்போட்டுச் செய்கிற சங்ரியாவைக் கலக்குவது ஜெயந்தினியின் வேலை. கலக்குவாள், ஊற்றுவாள், தட்டில் ஏந்திக்கொண்டு கதிரை கதிரையாகப் போவாள். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று அவளுக்கே கணக்கில்லை. ஒரு நாளும் உட்கார்ந்து குடித்ததில்லை.

போன வருடம் வைகாசியில் திரும்பி வந்தாள். வந்ததற்கு ஒரே காரணம் அவளுடைய புருஷன் முத்துலிங்கம். பதினெட்டு வருடக் குடிகாரன் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்திருந்தான். கையில் மஞ்சள் கயிறு. பதினொரு மாதம் அந்தக் கயிறும் அவிழவில்லை, ஒரு சொட்டு உள்ளே போகவும் இல்லை. ஆனாலும் ஜெயந்தினி தன் பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள். வந்த அன்றே அவனிடம் சொல்லியிருந்தாள்:

“ஒரு சொட்டு உள்ள போச்சுன்னாலும் நான் பிளேன் ஏறிருவேன். அழ மாட்டேன், சண்ட புடிக்க மாட்டேன். ஏறிருவேன்.”

அவன் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினானாம்.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படிப்பட்ட பெண் தன் வீட்டுக்குள் வைன் போத்தல் கொண்டுவருவாளா? நம்பும்படியாக இல்லை என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்தேன். கடைசியில், அவளுக்கே அந்தச் சந்தேகம் வந்து, அவளே அதைத் தீர்த்துக்கொண்டிருந்தாள் என்பதைக் கண்டேன். மேடம் சங்ரியாவில் பிரண்டியும் ஊற்றுவாள். ஜெயந்தினி அதை எடுத்துவிட்டாள். “பிரண்டி ஊத்துனாத்தான் குடி. இது வெறும் முந்திரிகைப் பழச்சாறு மாதிரி” என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, முத்துலிங்கமே சொல்லிவிட்டான்:

“அஞ்சு வருசம் மத்தவங்களுக்கு ஊத்திக் குடுத்தவ நீ. ஒரு நாளு ஒக்காந்து குடி. நான் பழம் வெட்டித் தர்றேன்.”

வெட்டியும் கொடுத்தான்.

3

செய்முறை. (கதைக்கு இவ்வளவு தேவையில்லை என்று வெட்டப் பார்த்தேன். ஆனால் நடந்தது முழுவதும் இந்தச் செய்முறைக்குள்தான் நடந்தது.)

இரண்டு போத்தல் வெள்ளை வைன். நுவரெலியா ஸ்ட்ரோபெரி, இரண்டு பேரிக்காய், மூன்று அப்பிள், தோலோடு வட்டமாக வெட்டிய தோடம்பழம். கொஞ்சம் சீனி, ஒரு கைப்பிடி புதினா. பழத்தின் மேல் வைனை ஊற்றி மூடிக் குளிரில் வைக்க வேண்டும். குறைந்தது நான்கு மணித்தியாலம். சோடா கடைசியில்தான். ஜெயந்தினி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் அண்டா போகாது. வீட்டுக்குக் கீழே மலையிலிருந்து குழாய் வழியாகக் கொட்டுகிற பீலித் தண்ணீரில் கழுத்தளவுக்கு அண்டாவை இறக்கி, மூடிமேல் கல் வைத்தாள்.

அந்த நான்கு மணித்தியாலத்தில் பழம் குடிக்கும். மேடம் வீட்டில் இதை அவள் கவனித்திருந்தாள். வைனில் பழ வாசனை ஏற ஏற, பழத்துக்குள் வைன் இறங்கும். விருந்து முடிந்ததும் மிச்சப் பழத்தை மேடம் குப்பையில் கொட்டச் சொல்வாள். பழத்தைக் கொட்டுவதற்கு ஜெயந்தினிக்கு மனசு வராது.

வைன் வாங்கியது யார்? தலவாக்கலை வைன் ஸ்டோர்ஸ் கம்பிக்கு முன்னால் பெண்கள் நின்று எவரும் பார்த்ததில்லை. கயிறு கட்டியவனை அங்கே அனுப்பவும் முடியாது. பக்கத்து வீட்டில், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சேர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். குடிக்கிறவர் என்று தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. வருடப்பிறப்பு விடுமுறைக்குக் கடை மூடுவதற்கு முதல் நாள், அவர்தான் இரண்டு போத்தலையும் பத்திரிகையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

4

மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். நான்கு பேர். ஒருத்தி குவைத், ஒருத்தி லெபனான், இரண்டு பேர் சைப்ரஸ். எல்லோரும் ஏதோ ஒரு வீட்டில் தட்டு ஏந்தி நின்றவர்கள். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஜெயந்தினி அண்டாவிலிருந்து சாற்றை மட்டும் ஜக்கில் வடித்து, சோடா விட்டு ஊற்றினாள். குவைத்திலிருந்து வந்த ரஜிதா கால்மேல் கால் போட்டு, கிளாஸை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, “ஜெயந்தினி, டிஸ்யூ எங்க?” என்று அதட்டினாள்.

“நீயே எந்திரிச்சு எடு மேடம். இன்னிக்கி வேலக்காரிக்கு லீவு.”

அதற்குப் பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடமாக இருப்பது என்று முடிவாயிற்று. ஒருத்தி ஐஸ் போதாது என்றாள், ஒருத்தி தரையில் தூசி என்று விரலால் தொட்டுக் காட்டினாள். லெபனானிலிருந்து வந்தவள் எதுவும் சொல்லாமல் மற்றவர்களை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். எல்லோரும் சிரித்ததில் கதிரை ஒன்று பின்னால் சாய்ந்துவிட்டது. ஜெயந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டே குடித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்தத் தோட்டம் பார்த்ததில்லை.

இந்தப் பகுதியை நீட்ட ஆசை. இங்கேயே நிறுத்திவிட்டால் இது ஒரு நல்ல கதை.

5

முத்துலிங்கத்தின் அக்கா வீரம்மா குசினியில் இருந்தாள். குடியை வெறுக்கிறவள், தகப்பனைக் குடிக்குக் கொடுத்தவள். தம்பியின் கையில் கயிறு கட்டிவிட்டதே அவள்தான். அண்டாவைக் கழுவப் போனவள் அடியில் பாதி அண்டா பழம் கிடப்பதைப் பார்த்தாள். வருடப்பிறப்பு நாளில் தம்பிக்கும் சேருக்கும் வாய்க்கு இனிப்பாக ஒன்றும் கொடுக்கவில்லையே என்று அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

பழத்தைப் பீலிக்கு எடுத்துப்போனாள். மூன்று தண்ணீரில் கழுவினாள். மருந்தடித்த முட்டைக்கோவாவைக் கழுவுகிற மாதிரி, வாசனை போகும்வரை கழுவினாள்.* பிறகு ஜெலி வெட்டிப் போட்டு, டின்பால் ஊற்றிக் குளிரவைத்து, இரண்டு கிண்ணத்தில் எடுத்துவந்தாள். கலியாணம், பிறந்தநாள் எல்லாவற்றிலும் கொடுப்பது அதுதானே.

(* இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. மேலே பட்டது கழுவினால் போகும் என்பதை நம்பித்தான் இங்கே எல்லாரும் சமைக்கிறார்கள்.)

விளையாட்டுப் போட்டி பார்த்துவிட்டு மைதானத்திலிருந்து பசியோடு வந்த முத்துலிங்கம், குசினி வாசல் வாங்கில் சேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சேர் முதலில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். பிறகு முத்துலிங்கம் எடுத்தான். மெதுவாக மென்றான். கிண்ணம் முடியும்வரை அவன் யாரையும் பார்க்கவில்லை. முடிந்ததும் கிண்ணத்தை நீட்டினான்.

“அக்கா, இன்னும் கொஞ்சம் வையி.”

முற்றத்திலிருந்து ஜெயந்தினி திரும்பிப் பார்த்தாள். வீரம்மா வைத்த கரண்டியில் தோலோடு வட்டமாக வெட்டிய தோடம்பழம் இருந்தது.

கிளாஸைக் கீழே வைத்தாள். (கை நடுங்கவில்லை. இப்போது எழுத முடிகிறது.)

“அண்ணி, இது எங்க இருந்த பழம்?”

“அண்டாவுலதான் புள்ள. மூணு தண்ணில கழுவுனேனே.”

6

இங்கிருந்து எனக்கு வேறு வேறு முடிவுகள் தோன்றின.

அ. முத்துலிங்கத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். வீரம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். — பதினெட்டு வருடம் குடித்தவனுக்குத் தெரியாது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆ. கிண்ணம் கை தவறி விழுகிறது. முத்துலிங்கம் சாப்பிடவே இல்லை. — மண்ணில் விழுந்த ஜெலியைக் கோழிகள் கொத்துவதுவரை எழுதிவிட்டு அடித்தேன்.

இ. முதல் கரண்டியை வாயில் வைத்த சேர், “முத்து, இத சாப்புடாத” என்கிறார்.

மூன்றாவது முடிவைப் பன்னிரண்டு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவர் வாயைத் திறக்கிறார். ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறது.

யாரோ சொல்லித் தெரியும் என்றேனே, அது பொய். அந்த சேர் நான்தான்.

எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் ஜெயந்தினி பீலியில் அண்டாவைத் திறந்து, “சீனி சரியான்னு பாருங்க சேர்” என்று ஒரு பேரிக்காய்த் துண்டை என் கையில் வைத்தாள். கடித்தபோது தொண்டைவரை சுட்டது. அதே சுவை நான்கு மணிக்கு டின்பாலுக்குள் என் வாய்க்கு வந்தது. முத்துலிங்கம் அப்போது கரண்டியைக் கையில்கூட எடுக்கவில்லை. வீரம்மா எதிரே நின்றுகொண்டிருந்தாள், நன்றாக இருக்கிறதா என்று கேட்கிற முகத்தோடு. முற்றத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். விழுங்கினேன்.

7

நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஜெயந்தினி அவனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

“நீங்களும் சாப்புட்டீங்களே சேர். ஒங்களுக்குத் தெரியலையா?”

தெரிந்தது என்றால் அவனுக்கும் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் அவன் தப்பிவிடுவான். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் இரண்டு கார்கள் போயின.

முத்துலிங்கம்தான் பேசினான்.

“சேருக்கு எப்புடித் தெரியும்? அவரு குடிக்கிறவரா? எனக்குத் தெரிஞ்சிச்சு. மொதக் கரண்டியிலயே தெரிஞ்சிச்சு.” கயிறு கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டான். “ரெண்டாவது ஏன் கேட்டேன்னுதான் தெரியல.”

வீரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரஜிதா கிளாஸைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். ஜெயந்தினி அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சாமி படம் இருக்கிற அறை அது. படத்துக்கு முன்னால் கற்பூரப் பெட்டி, பின்னால் பாஸ்போர்ட்.

அவள் எதை எடுத்துக்கொண்டு வந்தாள் என்று எழுத வேண்டிய இடம் இது. நான் அதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் காலையில் என் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து கீழ் ரோட்டால் வந்து போகிறேன். தோட்டத்து வீட்டுக்கு நான் திரும்பவே இல்லை; அவள் போனாளா இருந்தாளா என்று யாரிடமும் கேட்கவும் இல்லை.

நீங்கள் எப்போதாவது தலவாக்கலைப் பக்கம் வந்தால் மேல் ரோட்டால் போங்கள். பீலிக்கு மேலே இரண்டாவது வீடு, முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் இருக்கும். நின்று கூப்பிடுங்கள். யார் வெளியே வந்தாலும் சரி. முதல் கரண்டியிலேயே சேருக்கும் தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.