பஞ்சு மாதிரி ஒரு பெடல்

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடல்மேல் வைத்து அழுத்துகிறார், எடுக்கிறார், மறுபடி அழுத்துகிறார், கண்கள் மூடியிருக்கின்றன, ஷோரூமின் கண்ணாடிச் சுவர் வழியே அவினாசி ரோட்டு வெயில் அவர் நெற்றியில் விழுகிறது, பக்கத்து இருக்கையில் நான், மடியில் மல்லிகைச் சரமும் எலுமிச்சம்பழமும், பஞ்சு மாதிரி இருக்குது அம்மிணி, மிதிக்கிறதே தெரியல, இதுக்குத்தான இத்தன வருசம் ஒழச்சேன் என்கிறார், கணபதியில் வார்ப்படப் பட்டறை வைத்து உலைச்சூட்டில் வெந்த மனிதர் என் கணவர், லாரி, வேன், பழைய அம்பாசிடர் என்று எல்லாவற்றையும் உதைத்து ஓட்டியவர், அந்தக் கறுப்பு ஜெர்மன் வண்டிக்கு முன்னால் சின்னப் பையன்போலக் குழைந்து உட்கார்ந்திருக்கிறார், ஸ்டியரிங்கின் தோலைத் தடவுகிறார், கியர் போடும் குமிழை ஒற்றை விரலால் திருப்புகிறார், அது டிக் என்று மெல்லச் சொல்கிறது, கேட்டயா அம்மிணி என்கிறார், கேட்டேன், இப்போதும் கேட்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார், பஞ்சு, வெண்ணெய், மேகத்து மேல மிதிக்கிற மாதிரி, நானும் நம்பினேன், வண்டியின் விலைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன், அவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் மருந்து வாங்க நானே அதை எடுத்துக்கொண்டு போகும்வரை. மாருதியில் ஓட்டிப் பழகியவள் நான், பயந்து பயந்து பாதத்தை வைக்கிறேன், பிரேக் முதலில் கொஞ்சம் இளகியது, பிறகு உள்ளங்காலை எதிர்த்து உறுதியாகத் தள்ளியது, ரோட்டில் தார் பெயர்ந்த இடத்தில் சின்ன நடுக்கம் ஒன்று குதிகால் வரை ஏறி வந்தது, பஞ்சு எங்கே, மேகம் எங்கே, திரும்பி வந்து கட்டிலருகே நின்று சொன்னேன், ஏனுங்க, பெடல் நல்லா கெட்டியா இருக்குதுங்களே, ரோட்டுக் கல்லுகூடக் கால்ல தெரியுதே, அவர் சிரித்தார், உனக்கு வண்டி பழகல அம்மிணி, அவ்வளவுதான். அடுத்த வாரம் காம்பவுண்டுக்குள் நடந்துவிட்டு வருகிறார், இடது காலில் செருப்பு இருக்கிறது, வலது காலில் இல்லை, அது செம்பருத்திச் செடியோரம் கிடக்கிறது, எங்கீங்க செருப்பு என்று கேட்கிறேன், போட்டிருக்கறேனே என்கிறார், குனிந்து பார்த்தபிறகுதான் அவர் முகம் மாறியது.

டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், மீன் தூண்டிலின் நரம்பு மாதிரி மெல்லிய இழை ஒன்றை எடுத்தார், நான் பாதத்துக்கு நேரே நின்றிருந்தேன், பெருவிரலில் வைத்து அழுத்தினார், இழை வளைந்தது, இவர் பேசாமல் கிடந்தார், குதிகாலில், பாதத்தின் ஓரத்தில், ஒன்றுமில்லை, இப்பத் தெரியுதுங்களா என்று டாக்டரம்மா கேட்டார், தெரியுதுங்க, நல்லாத் தெரியுது என்றார் இவர், அப்போது இழை டாக்டரம்மாவின் கையில் காற்றில் நின்றுகொண்டிருந்தது. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இனி வண்டி ஓட்டவே கூடாதுங்க, எந்தப் பெடல்ல எவ்வளவு அழுத்தறோம்னு இந்தக் கால் உங்களுக்குச் சொல்லாது என்றார், வீட்டு வாசலில் இவர் வண்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார், எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

ஆறுச்சாமி டிரைவராக வந்தது அப்படித்தான், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், நாற்பது வயதிருக்கும், முதல் நாள் ஓட்டிவிட்டு இறங்கி, அக்கா, கிளச்ச மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்ச காலுங்க இது, இந்த வண்டி தொட்டதும் பேசுதுங்க, எங்க நிக்கோணும்னு அதே சொல்லுதுங்க என்றார், பின்சீட்டில் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், போகும்போதெல்லாம் இவருடைய வலது முழங்கால் அசையும், சிக்னல் வந்தால் தொடை இறுகும், இல்லாத பெடலை மிதிக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆறுச்சாமிக்கும் கண்ணாடியில் தெரியும், மெதுவா நிறுத்தட்டுங்களா மொதலாளி என்று கேட்பார், இவர் கேட்கும் முன்பே.

அன்று மத்தியானம், அடுப்பில் ரசம் நுரை கட்டுகிறது, சமையலறை ஜன்னலில் தெரிகிறது எல்லாம், வெயில் ஏறிய வண்டியைக் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலுக்கு மாற்ற வேண்டும், ஆறுச்சாமி என்ஜினை ஓடவிட்டு இறங்கிக் கேட்டைத் திறக்கப் போயிருக்கிறார், பத்தடி தூரம், இவர் எப்போது எழுந்து போனார், எப்போது ஏறி உட்கார்ந்தார், குமிழ் திரும்பியிருக்க வேண்டும், வண்டி உறுமியது, தாவியது, கேட்டின் தகரம் கிழிகிற சத்தம், அதற்குள்ளே ஒரு மனிதக் குரல், ஒரே தடவை. நான் ஓடுகிறேன், கால எடுங்க, கால எடுங்க என்று கத்துகிறேன், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைகிறது, பிரேக்லதான் இருக்குது, பிரேக்லதான் அம்மிணி வெச்சிருக்கறேன் என்று அவரும் கத்துகிறார், இன்னும் பலமாக மிதிக்கிறார், கதவைத் திறந்து குனிந்தேன், ஆக்சிலேட்டர் தரையோடு தரையாகக் கிடந்தது, அதன் மேல் அவர் கால், கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன், சில்லென்று கனத்தது, யாரோ ஒருவருடைய கால்.

ஆறுச்சாமி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துவிட்டார். பிணவறைக்கு வெளியே அவர் மனைவி காளியாத்தாள் என்னைப் பார்த்து எழுந்து வந்தாள், அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம், மிதிச்சது அவருக்கே தெரியலீங்களாமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், தெரியாத கால எதுக்குங்க அதுல வெச்சாரு என்றாள்.

வண்டியில் குறை எதுவும் இல்லை என்று சோதித்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், இவர் ஜாமீனில் வந்தார், போலீஸிடமும் வக்கீலிடமும் துக்கம் கேட்க வந்தவர்களிடமும் பிரேக்லதான் இருந்துச்சு என்றே சொன்னார், பொய் இல்லை, அவர் அதைத்தான் உணர்ந்தார், அல்லது எதையுமே உணரவில்லை, பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டார், சாப்பாட்டைக் குறைத்தார், ஒரு காலையில் வெந்நீர்ப் பாத்திரத்தைக் காணாமல் தேடிப் போகிறேன், குளியலறைக் கதவு திறந்திருக்கிறது, முக்காலியில் உட்கார்ந்து வலது காலை வாளிக்குள் விட்டிருக்கிறார், ஆவி முகம்வரை எழுகிறது, முகம் அமைதியாக இருக்கிறது, எதையோ உற்றுக் கேட்பவர்போல, அம்மிணி, எனக்கு ஒண்ணுமே தெரியல, நீ கொஞ்சம் கைய விட்டுப் பாரு, இது சுடுதா என்றார், விட்டேன், விரல் நுனி பட்டதும் அலறினேன், என் அலறலைக் கேட்டுத்தான் அவர் காலை வெளியே எடுத்தார்.