துணைக்கு ஒருவர்

என் மகள் ஜெபமலருக்கு வயது ஒன்பது. அவளுடைய ஈரலுக்குப் பதினான்கு.

நான்கு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. அதன்பின் அவள் சரியாக வளரவில்லை. அவள் வளர வேண்டியதையெல்லாம் ஈரலே வளர்ந்துகொண்டது. "ரெண்டு பேருக்கும் சேத்தே தச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் தையல்காரர் சீருடையைத் தருவார்.

திங்கட்கிழமை இருவரையும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனேன். வாசலில் காவலாளி தடுத்தார்.

"நோயாளி கூட ஒராளுதான், எக்கா."

"நான் ஒராளுதானே. அம்மா."

"ஈரல் கூட வந்திருக்கே. பாஸ் அதுக்குக் குடுத்தாச்சு."

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்கு இல்லாத பாஸா? பாஸ் கொடுக்கும் சன்னலுக்குப் போனேன். அங்கிருந்த பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"துணைன்னா ராவும் பகலும் கூட இருக்கணும். இருந்தியளா?"

"இறால் கம்பெனியில வேலை. வெள்ளனவே போயிருவேன்."

"அப்ப ஊசி?"

"அவளே போட்டுக்கிடுவா."

"போடாத நாளு எது எது?"

எனக்குத் தெரியவில்லை. ஜெபமலர் தரையைப் பார்த்தாள். ஈரல் தேதி வாரியாகச் சொன்னது. அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.

எனக்கு ஈரக்குலை நடுங்கியது. அதைப் பதிய முடியாது, நோயாளியுடையது மட்டும்தான் பதிவோம் என்றார்.

"இன்னொண்ணு. பித்தப்பையில கல்லுன்னு ஸ்கேன்ல போட்டிருக்கு. பை எதுவும் உள்ள விட மாட்டோம்."

ஜெபமலர் புத்தகப்பையைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்றி என்னிடம் தந்தாள். உள்ளே மூன்று கற்கள் உருண்டன. கனமாக இருந்தது. வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று திட்டியிருக்கிறேன். திட்டியிருக்கக் கூடாது.

கதவு திறந்தது. இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். அவர்கள் ஓரடி வைத்தால் தாழ்வாரம் இரண்டடி நீண்டது. கொஞ்ச நேரத்தில் யார் பிள்ளை, யார் ஈரல் என்று தெரியாத தூரத்துக்குப் போய்விட்டார்கள்.

"மக்கா, பயமா இருக்கா?" என்று கத்தினேன்.

"இல்லம்மா. ஷிப்டுக்கு நேரமாச்சு. நீங்க போங்க."

ஜெபமலர் என்னை ஒருநாளும் "நீங்க" என்று சொன்னதில்லை.