கட்டைவிரல் அளவு எழுத்து

எனக்கு வாயும் நீளம், கையும் நீளம். ஒரு பெட்டியைப் பார்த்தால் மூடியைக் கழற்றாமல் இருக்க முடியாது. பேனல் வயரிங்கே தொழிலாக அமைந்துவிட்டதால் பட்டறைப் பக்கம் எல்லாருக்கும் நான் ‘கரண்டு’. தங்கச்சி என்று கூப்பிடாமல் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் எங்கள் சொந்தப் பட்டறையில், சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் ஓட்டுகிறவர். அந்த மெஷினை விட்டு அவர் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் அதில் கை வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும்.

மெஷினுக்கு முப்பது வயது. உடம்பு இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மூளைதான் மக்கர். பீரோ அளவுக்கு ஒரு கன்ட்ரோலர், அதில் பச்சை எழுத்து ஓடும் சின்னத் திரை, கீழே பட்டன்கள் நிறைந்த ஒரு பலகை. வாரத்தில் இரண்டு நாள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. போர்டைக் கழற்றிச் சூடு காட்டி மாட்டினால் மனசு வைத்து ஓடும். உதிரி பாகம் எங்கேயும் கிடைப்பதில்லை. மிஞ்சிப்போனால் ஆறு மாதம் தாங்கும் என்று நானே சொன்னேன்.

அண்ணனுக்குக் கண்ணும் சரியில்லை. கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓரங்கள்தான் போய்விட்டன, நடுவில் நன்றாகத் தெரிகிறது என்று அண்ணன் எங்களிடம் சொல்லிவந்தார். அண்ணி தினமும் வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவார். மெஷின் ஓட்டுகிற வரைக்கும்தான் நான் மனுஷன் என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

என் புத்தி அதிலிருந்து இப்படிப் போயிற்று. கன்ட்ரோலர் எப்படியும் சாகப்போகிறது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அவர் கண்ணுக்கு ஏற்றதாகப் பார்த்து மாற்றுவோம். கிடைத்ததிலேயே பெரிய தொடுதிரை வைத்த கன்ட்ரோலராக வாங்கினேன். எழுத்தெல்லாம் கட்டைவிரல் அளவு. அந்த மங்கல் பச்சையை உற்று உற்றுப் பார்த்து மீதிக் கண்ணையும் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று எனக்குள் ஒரே பெருமை.

பன்னிரண்டு நாள் வேலை. பழைய மோட்டார்களை இறக்கி, புதியவற்றை ஏற்றி, ஒயர் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு இழுத்தேன். பழைய பட்டன் பலகையைக் கழற்றும்போது அண்ணன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இதை மட்டும் விட்டுவைக்க முடியாதா என்று கேட்டார்.

“என்ன, மாமியார் வீட்டுச் சொத்தா, கட்டிக்கிட்டு அழ?” என்றேன்.

சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். சாயந்திரமே பழைய இரும்புக்காரர் வண்டியில் எல்லாம் போயிற்று. பலகை இருந்த ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து வர்ணமும் பூசினேன். சிவப்பு நிறுத்தப் பட்டன் ஒன்றைத் தவிர எல்லாம் கண்ணாடிக்குள் போய்விட்டது. பார்க்க அழகாக இருந்தது. எனக்கு.

பதின்மூன்றாம் நாள் காலையில் அண்ணனைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் நிறுத்தினேன். அவர் திரையின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். திரை நாலு பக்கங்களைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. தடவாதீர்கள் என்று கத்திவிட்டு, சரியான பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஸ்டார்ட் எங்கே என்றார். கண் முன்னால்தானே பச்சையாக இருக்கிறது என்றேன். கையைப் பிடித்து ஒருமுறை காட்டினேன்.

மாட்டியிருக்கும் கட்டர் நான்காம் நம்பர்தானா என்று மெஷின் கேட்டது. பெரிய எழுத்தில், கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அண்ணன் விரலை உயர்த்தியபடி நின்றார். யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு நான் காட்டிய அதே இடத்தில் அழுத்தினார். இப்போது அங்கே இருந்தது ‘இல்லை’. திரை, கட்டரைக் கையால் ஏற்றி இறக்கும் பக்கத்துக்கு மாறியது. ஒன்றும் ஓடவில்லையே என்று மறுபடியும் அங்கேயே அழுத்திப் பிடித்தார். கட்டர் நேராகக் கீழே இறங்கி, இரும்பைக் கவ்வியிருந்த வைஸின் தாடையில் இடித்து முறிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்பு பட்டனை அடித்திருந்தார். அதற்குக் கண் வேண்டாம், சத்தம் போதும்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். இவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறதே, படிக்க என்ன கேடு என்றும் கேட்டேன். அண்ணன் முறிந்த கட்டரைத் தேடி மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியில் கிடந்தது.

“நீலமா ஒரு வெளிச்சம் தெரியுது. அவ்வளவுதான், கரண்டு,” என்றார்.

அண்ணியிடம் ஓடினேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. உன்கிட்ட சொன்னா நீ மெஷின நிறுத்திடுவேன்னு பயம்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள் என்றால், பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். இரண்டு வருஷமாக அவர் அந்தப் பச்சைத் திரையைப் பார்க்கவே இல்லை. பட்டன்கள் விரலுக்குத் தெரியும். செய்து தருகிற ஜாப் பதினாலு வகைதான். நம்பரை அழுத்தினால் புரோகிராம் வந்துவிடும். கைச்சக்கரத்தின் ‘டிக்’குகளை எண்ணி கட்டரை இறக்குவார். துளையின் அளவுக்குக் கேஜ் இருக்கிறது, நுழைகிறதா இல்லையா என்று கை சொல்லிவிடும். உள்ளே எந்த ரிலே எப்போது ‘டக்’கென்று அடிக்கும் என்பது வரை காதுக்குத் தெரியும். இந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவாரே என்று பட்டறைக்காரர்கள் புகழும்போது நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன்.

இரும்புக்காரரிடம் போனேன். பலகை நசுங்கி, போர்டுகள் வேறு எங்கோ போயிருந்தன. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, பக்கத்தில் அண்ணன் இல்லை.

நான் விடவில்லை. தகட்டைப் பிடுங்கிவிட்டு, பதினெட்டு பட்டன்கள் வாங்கிப் பழைய வரிசையிலேயே பொருத்தினேன். கட்டர் நம்பர் கேட்கும் கேள்வியை நிறுத்தினேன். நிறுத்த முடிந்த எல்லாக் கேள்விகளையும் நிறுத்தினேன். அண்ணன் ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று ஓட்டிப் பார்த்தார். இடது கை சிவப்பு பட்டனை விட்டு எழவே இல்லை. புது மோட்டார்களுக்குச் சத்தமே கிடையாது. மேஜை நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நடுநடுவே மெஷினை நிறுத்தித் தொட்டுப் பார்த்தார். நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் திரை ஏதாவது ஒன்று கேட்கும். அதை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஆளுக்கு ஆபத்து. பதினோரு நிமிஷ ஜாப் ஒன்றரை மணி நேரம் ஆகி, அப்போதும் முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பழசு என்னை ஒண்ணும் கேக்காது, கரண்டு. சொன்னதைச் செய்யும். இது ஒவ்வொண்ணுக்கும் கேக்குது. எனக்குப் பதில் தெரியும், கேள்விதான் தெரியல.”

பிறகு கேள்விகளை நான் படித்தேன், அவர் பதில் சொன்னார், நான் அழுத்தினேன். ஜாப் வந்தது. கேஜை நுழைத்துப் பார்த்தார். இவ்வளவு சுத்தமாகப் பழைய மெஷினில் தான் ஒரு நாளும் எடுத்ததில்லை என்றார். உண்மையாகவே மெச்சினார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கேஜைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார். ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆள் என்பது எந்தப் பட்டறையிலும் ஓடாது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அழுதேன். அந்த ஆறு மாதத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்றேன். எப்படியும் செத்திருக்கும் என்று என்னையே தேற்றினார். செத்திருக்கும்தான். ஆனால் தானாகச் செத்திருக்கும். நான் உயிரோடு கழற்றினேன்.

“மெஷினுக்கு வேற ஆள் பாரு,” என்றார். “கண்ணு நல்லா இருக்கான்னு மொதல்லயே கேட்டுக்கோ. என்னை மாதிரி பொய் சொல்லிடப் போறான்.”

விளம்பரத்தை அன்றைக்கே எழுதினேன். நல்ல கண்பார்வை அவசியம் என்று ஒரு வரி போட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னார். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வாசித்தேன்.

“கண்ணப் பத்தி ஒண்ணுமே போடலையே?” என்றார்.

வாசிக்காமல் விட்ட வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டேன்.

“போடறேண்ணே,” என்றேன்.